லொங்கேயில் பெண் கேட்டது

கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்துபோன சுண்ணாம்பைப் போக்குவதற்கு வினாகிரி ஊற்றிக் கொதிக்க வைத்தேன். முதல் ஆவி மூக்கில் ஏறியதும் கண் எரிந்தது. எரிந்த கண்ணோடு, பழக்கதோஷத்தில், இடப்பக்கச் சுவரைப் பார்த்தேன். சுவருக்கு அப்பால் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஜாவாவுக்குப் போய்விட்டார். போய்ச் சேர்ந்துவிட்டார் என்ற செய்திகூட அவருடைய மகன் அனுப்பித்தான் தெரியும். அவராக எனக்கு ஒரு சொல் இல்லை.

மொன்றியலின் மேற்கே, பியர்பொன்ட்ஸில், எங்கள் வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்பவை. நடுச்சுவர் பெயருக்குத்தான். அக்கா இருமினால் நான் இஞ்சி இடிப்பேன். என் வீட்டில் கறி அடிப்பிடித்தால் அவர் சுவரில் தட்டுவார். வினாகிரி மணம் சுவரைத் தாண்டி வந்தால் அவர் அச்சாறு போடுகிறார் என்று அர்த்தம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சம்பழம், அரைத்த கடுகு, உள்ளி எல்லாம் கொதித்த வினாகிரிக்குள் இறங்கும். நல்லது நடக்கும்போது மட்டும் போடுவார். மகன் பட்டம் பெற்றபோது போட்டார். போன இலையுதிர்காலத்தில், மரமெல்லாம் சிவந்து கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, மறுபடி அந்த மணம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

"என்ன அக்கா, என்ன விசேஷம்?"

"இரி புள்ள. மிக்சி சத்தத்தில ஒண்டும் கேக்கல்ல." நிறுத்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு. "மகன் ஒரு புள்ளய விரும்புறானாம். எந்த நாடு, சொல்லு பாப்பம்."

"கெபெக்?"

"போடி!"

"மொரோக்கோ? லெபனான்?"

"ஜாவா!" கரண்டியைக் கொடி பிடிப்பதுபோல உயர்த்திப் பிடித்தார். அரைத்த கடுகு கையில் வழிந்தது. "ஜாவாப் புள்ள! என்ட மகன் கப்பலைத் திருப்பி உட்டுட்டான்!"

அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தச் சிரிப்பு விளங்காது.

அக்கா கொழும்பில், கொம்பனித்தெருவில் பிறந்தவர். இலங்கையில் மலேக்காரர் என்று சொல்லப்படுகிற சிறு கூட்டத்தைச் சேர்ந்தவர். வீட்டுக்குள் மலே, வாசலைத் தாண்டினால் தமிழும் சிங்களமும். ஒல்லாந்தக் கொம்பனி, டச்சுக்காரரின் வணிகக் கொம்பனி, ஜாவாவையும் அதைச் சுற்றிக் கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளையும் பிடித்து ஆண்ட காலத்தில், அங்கிருந்து ஆட்களை ஏற்றிவந்து எங்கள் கரையில் இறக்கியது. எதிர்த்து நின்ற இளவரசர்களைக் குடும்பத்தோடு நாடுகடத்தியது. குற்றம் சாட்டியவர்களை விலங்கோடு அனுப்பியது. சிப்பாய்களையும் அனுப்பியது, நிறைய. ஒரு தீவுக்காரன் கையில் துவக்கைக் கொடுத்து இன்னொரு தீவுக்காரனைச் சுடச் சொல்வது கொம்பனிக்கு வசதியாக இருந்தது. பிறகு இங்கிலீசுக்காரன் வந்தான். மேசை கதிரையைப் பொறுப்பேற்பதுபோலவே இந்தச் சிப்பாய்களையும் பொறுப்பேற்றான். அவர்களைத் திருப்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அந்த நீண்ட காலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், வீடு எது என்று கேட்டிருப்பார்கள்.

கொழும்பில் எந்த மலே வீட்டுக்குப் போனாலும் ஒரு இளவரசர் இருப்பார் என்று அக்கா கேலி செய்வார். "அத்தனை இளவரசரும் வந்திருந்தா கப்பல் தாண்டு போயிருக்கும்." அவருடைய வீட்டில் இளவரசர் இல்லை. "நாங்க துவக்குத் தூக்கின ஆளுங்க" என்பார். பூட்டனாருக்கு முந்தியவர்கள் கொம்பனிச் சிப்பாய்கள், பிறகு இங்கிலீசுப் படை, பாட்டன் பொலிஸ், தகப்பன் ராணுவ வாத்தியக்குழுவில் எக்காளம் ஊதியவர். அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும்.

மொன்றியலில் அந்த முதுகுக்கு இடமில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் கலியாண மண்டபத்தில் அவர் "அந்த மலேக்காரப் பொம்பிளை." தமிழ் நன்றாகக் கதைக்கிறா என்று முகத்துக்கு நேரே ஆச்சரியப்படுவார்கள், நாற்பது வருடம் கொழும்பில் தமிழ் கதைத்த மனுசியைப் பார்த்து. ஒருமுறை நகரத்துக்குள் இந்தோனேசியச் சாப்பாட்டுச் சந்தை என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த பையனிடம் தன்னுடைய மலேயில், குரல் நடுங்க, என்னவோ கேட்டார். அவன் மரியாதையாகச் சிரித்து இங்கிலீசில் கேட்டான்: "இந்தியாவா?"  திரும்பி வரும்போது, மெட்ரோவில், வாங்கிய இறைச்சியை எனக்கே தந்துவிட்டார்.

ஆகவே மருமகள் கிடைத்த சந்தோஷம் மட்டும் இல்லை அந்த அச்சாறு. அந்த மண்ணில் பிறந்த ஒருவர், ஒருவராவது, "நீங்கள் எங்கள் ஆள்" என்று தன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு அதுதான் வேண்டும். அறுபது வயதை நெருங்கும் மனுசி, அதற்காகக் காத்திருந்த குழந்தைபோல இருந்தார்.

பெண்ணின் தாய் ஆற்றுக்கு அப்பால் லொங்கேயில் இருந்தார். தகப்பன் வேலைக்காக வடக்கே சுரங்கப் பக்கம் போய் மாதக்கணக்கில் தங்குகிறவர். கலியாணம் பேசத் தாய் போதும். அக்காவின் வழக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது: பெற்ற தாய் தன் வாயால் பெண் கேட்கக்கூடாது. உறவுக்காரி ஒருத்தி முன்னால் உட்கார்ந்து, பரம்பரை சொல்லி, பிறகு கேட்க வேண்டும். தாய் பக்கத்தில் அடக்கமாக இருக்க வேண்டும்.

"உறவுக்காரிக்கு எங்க போறது? நீதான் வரணும்."

"நான் மலேயே இல்லையே அக்கா."

"பிரெஞ்சு வருமே உனக்கு? அந்தப் பொம்பளைக்கு இங்கிலீசு சரியா வராதாம். எங்கட மலேல கொஞ்சம் பேசலாம், பரம்பரை சொல்ல ஏலாது. நீ பிரெஞ்சில சொல்லு. கவிதை எழுதுறவ தானே, கொஞ்சம் பூப்போட்டுச் சொல்லு."

மகன் சோபாவில் கிடந்து சிரித்தான். "உம்மா, அந்த வீட்டுக்கு நான் நூறு தரம் போயிருக்கேன். அவங்கட ஃபிரிஜ்ல எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இப்ப போய்ப் பரம்பரை சொல்லப் போறீங்களா?"

"வாயப் பொத்து. நீ அந்தப் பக்கமே வரக்கூடாது. எங்களை இறக்கி உட்டுட்டுக் கோப்பி குடிக்கப் போ."

சமையலறை மேசையில் ஒத்திகை நடந்தது. அவர் தமிழில் சொல்ல, நான் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். கொம்பனிச் சிப்பாய், இங்கிலீசுப் படை, பொலிஸ், எக்காளம். பட்டியலின் கடைசியில் அவருடைய தம்பி வந்தார். இலங்கை ராணுவம்.

"தம்பியை விடுவமே அக்கா?"

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஏன்?"

"பெண் கேக்கப் போற இடத்திலை ஆமிக்கதை என்னத்துக்கு."

"அவங்களுக்கு என்ன தெரியும் நம்மட சண்டையப் பத்தி? உனக்குத்தானே அது ஒரு மாதிரி இருக்கு."

ஓம், எனக்குத்தான். என் அண்ணையை ஆமிக்காரர் வீதியில் வைத்துப் பிடித்து யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அதே கொம்பனி கட்டி முடித்த கோட்டை. ஐந்து மூலை, தண்ணீர் அகழி, ஆள் தூக்க முடியாத கற்கள். ஒல்லாந்தர் போய் நூற்றாண்டுகள் ஆகியும் அந்தச் சுவருக்குள் இருந்தவர்களுக்கு அது பயன்பட்டது. அம்மா அகழிக்கு இந்தப் பக்கம் வெய்யிலில் நின்றா. அண்ணை வெளியே வரவேயில்லை. இதை அக்காவுக்கு ஒருமுறை சொன்னேன், வந்த புதிதில். அவர் என் கையைப் பிடித்து அழுதார். தன் தம்பி ஆமியில் இருந்தவன் என்பதைப் பிறகு ஒரு நாள், வேறு பேச்சுக்கு நடுவே, சாதாரணமாகச் சொன்னார். எங்கே, எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியின் மேல்தான் எங்கள் இருபது வருடப் பழக்கம் கட்டி எழும்பியது, கிணற்றை மூடிவிட்டு அதன்மேல் வீடு கட்டுகிறமாதிரி.

"அப்பிடி எண்டால் நான் வேறை ஒண்டு சொல்லுறன்" என்றேன். "சிப்பாய்க் கதையை முழுக்க விடுங்கோ. ராஜவம்சம் எண்டு சொல்லுவம். ஒல்லாந்தரை எதிர்த்து நிண்டு நாடுகடத்தப்பட்ட இளவரசர். அவைக்கும் பெருமை, உங்களுக்கும் பெருமை. ஆர் போய்ப் பார்க்கப்போகினம்?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பொய் சொல்லிப் பொண்ணு எடுக்கச் சொல்லுறியா? என்ட தாத்தாமார் மானமாச் சம்பளம் வாங்கின ஆளுங்க. இல்லாத இளவரசருக்கு என்ட மகனைப் பேரனாக்கவா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தம்பியும் பட்டியலில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலம் கடந்து லொங்கேய் போனோம். மடியில் தட்டு, தட்டில் அச்சாறுப் போத்தல், தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல், சீலைத் துணி, எல்லாவற்றுக்கும் மேல் மினுங்கும் பொலித்தீன். மகன் எங்களை இறக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து, "போன் ஷான்ஸ், பரம்பரை!" என்று பிரெஞ்சில் வாழ்த்திக் கத்திவிட்டுப் போனான். சிறிய ஒருமாடி வீடு. வாசலில் யாரோ கூட்டி வைத்த இலைக்குவியல்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு, அந்தத் தாய்க்கு, எங்கள் வயது. குட்டை முடி, கறுப்புச் சட்டை, மருந்துக்கடை வேலைக்காரரின் சுறுசுறுப்பு. அக்கா மலேயில் சலாம் சொல்லி என்னவோ கேட்டார். அந்தப் பெண் கண்ணை விரித்து, யோசித்து, பதில் சொன்னார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பிறகு அடுப்படிப் பொருட்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லத் தொடங்கினார்கள். சோறு, நாசி! மீன், ஈக்கான்! சின்னப்பிள்ளைகள் சீட்டாடுவதுபோல, ஒத்த சீட்டு விழும்போதெல்லாம் கைதட்டல். ஒவ்வாத சீட்டுத்தான் அதிகம் விழுந்தது. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

தொதலைப் பார்த்ததும் அவர் நெஞ்சில் கை வைத்தார். "தோதோல்!" தன் அலுமாரியைத் திறந்து, ஊரிலிருந்து வந்த ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். அதே கறுப்பு, அதே எண்ணெய் மினுக்கம்.

"இது எங்கடை யாழ்ப்பாணத்துச் சாமான் எண்டல்லோ நான் நினைச்சிருந்தன்" என்றேன் அக்காவிடம்.

"உங்கட ஆளுங்களுக்கு எல்லாமே உங்கட சாமான்தான்."

நீண்ட பயணம், குளிர். நான் அக்காவின் காதுக்குள், "கக்கூஸ் எந்தப் பக்கம் எண்டு கேளுங்கோ" என்றேன். அக்கா கேட்க முன்னரே அந்தப் பெண் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஊரிலும் அது காக்குஸ்தானாம். ஒல்லாந்தரிடமிருந்து வந்த சொல். நாங்கள் அலுவலகத்துக்குச் சொல்லும் கந்தோரும் அப்படியே என்று அவரே எடுத்துச் சொன்னார்; தன் பாட்டனார் கரும்பாலைக் கந்தோரில் கணக்கெழுதியவராம். மூன்று பெண்கள், மூன்று மொழி, பிரெஞ்சு பேசும் ஊரில் ஒரு வெளிச்சமான அடுப்படி. எங்களை ஆண்டவன் எங்களுக்குப் பொதுவாக விட்டுப்போனது கந்தோரும் கக்கூசும் என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். அவர் மேசையில் அடித்துச் சிரித்தார். அக்காவின் முகத்தை நான் அன்றுபோல ஒருநாளும் பார்த்ததில்லை. மகள், வரப்போகும் மருமகள், தேநீர்க் கோப்பைகளோடு வந்து, எங்களைப் பார்த்து ஆறுதலாக மூச்சு விட்டாள்.

"இப்ப சொல்லு" என்று என் முழங்கையைத் தட்டினார் அக்கா. தலைத்துணியைச் சரிசெய்து, கைகளை மடியில் வைத்து, வழக்கப்படி கீழே பார்த்தார்.

நான் சொன்னேன். பூப்போட்டுத்தான் சொன்னேன். உங்கள் மண்ணிலிருந்து ஒல்லாந்தக் கொம்பனியின் படையில் சேர்ந்து கடல் கடந்து வந்தவர்கள் இவர்களுடைய முன்னோர். அன்றிலிருந்து இன்றுவரை தலைமுறை தவறாமல் சீருடை போட்ட குடும்பம். இங்கிலீசுப் படை. பொலிஸ். எக்காளம். தம்பி, ராணுவம். நான் எடுத்த பிரெஞ்சுச் சொற்கள் எல்லாம் நல்ல சொற்கள். துணிவு, சேவை, விசுவாசம்.

விசுவாசம் என்ற இடத்தில் அந்தப் பெண் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாருடைய படை?"

நான் மறுபடி சொன்னேன்.

"ஒல்லாந்தருடைய."

"ஓம், ஒல்லாந்தருடைய."

அவர் மகளைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். மகள் எழுந்து அறைக்குள் போனாள். பிறகு எங்களுக்கு, நிதானமான பிரெஞ்சில், கோபமேயில்லாமல் சொன்னார். அவருடைய ஊரில் நல்ல வயல்களில் நெல்லை விட்டுக் கரும்பு நடச் சொன்னவர்கள் ஒல்லாந்தர். ஊர் பசி கிடக்க, ஆலை ஓடியது. பாட்டனார் அந்த ஆலையின் கந்தோரில் எழுதினார், கொஞ்சம் படித்தவர் என்பதால். யப்பான்காரன் வந்து போனான். ஒல்லாந்தர் திரும்பி வந்து நாட்டை மறுபடி பிடிக்கச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில், ஊர்ப் பையன்களை ஒளித்து வைத்தார் என்று பாட்டனாரையும் வேறு சிலரையும் ஆலைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினார்கள்.

"கட்டளை கொடுத்தவன் வெள்ளை. சுட்டவர்கள் வெள்ளையில்லை. என் அப்பா சின்னப்பிள்ளை, கரும்புக்குள் ஒளிந்திருந்து பார்த்தவர். இன்றும் சொல்லுவார், அந்த முகங்கள் எங்கள் வீட்டு முகங்கள் மாதிரி இருந்தன என்று. அவர்களில் ஒருவன் சுடமுதல் எங்கள் பாஷையில் மன்னிப்புக் கேட்டானாம்."

நான் தமிழில் சொன்னேன். அக்கா தலை நிமிர்ந்தார். வழக்கம் உடைந்தது.

"அது பிறகு நடந்தது புள்ள. எங்கட ஆளுங்க எத்தனையோ தலைமுறைக்கு முந்தி போனவங்க. அவங்களுக்கும் இதுக்கும் என்ன? எங்களைக் கொண்டுபோனதும் அதே வெள்ளக்காரன்தான். சொல்லு அவவுக்கு."

சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அந்தப் பெண். "நான் படித்திருக்கிறேன். அவர்கள் ஏழைகள், கட்டளை, கட்டாயம், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்வது? அந்தச் சீருடையை யார், எப்போது போட்டாலும் என் அப்பாவுக்கு ஒன்றுதான். துவக்கைப் பிடித்தவனும் பாவம் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?"

நான் தலையாட்டினேன். நினைத்து ஆட்டவில்லை. கழுத்து தானாக ஆடியது. அகழிக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மாவின் கழுத்து அது. திரும்பிப் பார்த்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பெண்ணையல்ல.

பிள்ளைகளின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கமாட்டேன் என்றார் அந்தப் பெண். பையன் நல்லவன், தங்கமானவன். ஆனால் நிக்காஹ் ஊரில் நடக்க வேண்டும், அப்பாவின் கண் முன்னால். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, இனிப் பிரயாணம் முடியாது. அங்கே ஒரு சொல் மட்டும் வேறாக இருக்க வேண்டும். "இவர்கள் இலங்கைத் தமிழ்க் குடும்பம் என்று சொல்லுவோம். சரக்கு வியாபாரம் செய்தவர்கள் என்று. உங்களைப்போலத் தமிழர்." என்னைக் காட்டினார். "அப்பாவுக்கு அதுவே போதும். ஜாவா என்று மட்டும் சொல்ல வேண்டாம்."

இதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பவளுக்கு வாய் மட்டும்தான் இருக்க வேண்டும், கழுத்து இருக்கக்கூடாது. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண் வாசல்வரை வந்து, தன்னுடைய ஊர்த் தொதலில் பாதியை அக்காவின் கையில் வைத்து அனுப்பினார். அது உண்மையான அன்பு என்பதுதான் இன்னும் கசப்பு.

காருக்குள் மகன், "அலோர், என்ன ஆச்சு? பரம்பரை பாஸா?" என்று கேட்டான். "பாஸ்" என்றார் அக்கா. பாலம் ஏறியபோது, முன் கண்ணாடியைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்:

"நீ தலையாட்டின."

"ஓம்."

"அவ பேசும்போது ஆட்டின. நான் பேசும்போது ஆட்டல்ல."

"அவ சொன்னது எனக்கு விளங்கிச்சுது அக்கா."

"நான் சொன்னது?"

கீழே ஆறு பெரிதாகக் கிடந்தது. அதுவும் விளங்கியது என்று சொல்லியிருக்கலாம்; சொன்னால் உண்மையாகவும் இருந்திருக்கும். அவருடைய ஆட்களைக் கப்பலேற்றியவனும் என் கோட்டையைக் கட்டியவனும் அந்தப் பெண்ணின் வயலில் கரும்பு நட்டவனும் ஒரே ஆள், அவனைப் பற்றி அந்த அடுப்படியில் சிரித்ததைத் தவிர ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, கணக்கெல்லாம் எங்களுக்குள்தான் தீர்க்கிறோம் என்று நீட்டி முழக்கியிருக்கலாம். அவன் தன் நாட்டில் செவ்வந்தியோ வேறு பூவோ வளர்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறான். நாங்கள் மூன்று பெண்கள் ஒரு தொதலைப் பிய்த்துக்கொண்டு, யார் யாரைச் சுட்டது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதெல்லாம் அப்போது வாயில் வரவில்லை. மகனுக்கு முன்னால் வேண்டாம் என்று நினைத்தேனோ என்னவோ. 

அதற்குப் பிறகு சுவரில் தட்டும் சத்தம் குறைந்தது. சண்டை என்று ஒன்றுமில்லை. குப்பைப் பெட்டி வெளியே வைக்கும்போது சந்தித்தால், "எப்பிடிப் புள்ள?" "இருக்கிறன் அக்கா." அவ்வளவுதான். கலியாண வேலை மட்டும் நடந்தது. எனக்கு அதெல்லாம் சுவர் வழியாகத்தான் தெரியும்: தையல் மெசின் ஓடும் சத்தம், பெட்டி இழுக்கும் சத்தம், மகனும் அவரும் வாக்குவாதப்படும் சத்தம். "ஒரு சொல்லுத்தானே உம்மா! தமிழ்னு சொல்லிட்டுப் போங்களேன், யாருக்கு நட்டம்?" என்று ஒருநாள் அவன் கத்தியது தெளிவாகக் கேட்டது. அவருடைய பதில் கேட்கவில்லை. தாழ்ந்த குரலில், நீண்ட நேரம் ஏதோ சொன்னார்.

புதுவருடம் முடிந்து, ஆறு உறைந்திருந்த ஒரு காலையில் வாசல் மணி அடித்தது. அக்கா. தடித்த மேலங்கி, தலைத்துணிக்கு மேல் கம்பளித் தொப்பி. வீதியில் கார் புகைந்துகொண்டு நின்றது, மகன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"திறப்பு" என்று வீட்டுச் சாவியை நீட்டினார். "தண்ணிக் குழாய் உறைஞ்சா ஒருக்காப் பாரு."

"உள்ளுக்கு வாங்கோ."

"நேரம் இல்ல." ஆனால் போகவில்லை. பூட்ஸில் ஒட்டிய பனியை என் படியில் தட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, அங்கை அந்த வயசான மனுசன் ஆர் நீங்கள் எண்டு கேட்டால்?"

"கேப்பாரு. கேக்காம இருப்பாரா? இந்த முகத்தைப் பாத்தா யாரும் தமிழ்னு நம்புவாங்களா, சொல்லு."

"என்ன சொல்லப் போறீங்கள்?"

"உள்ளதை."

"சிப்பாய் எண்டா?"

"துவக்குத் தூக்கின ஆளுங்கன்னு. எங்களை ஏத்திட்டுப் போனாங்கன்னு. அவரு காறித் துப்பினாலும் என்ட மூஞ்சிலதான் துப்பணும். உன்ட மூஞ்சியப் போட்டுக்கிட்டு நான் போய் நிக்கேலாது."

"கலியாணம் குழம்பினால்?"

"மகனுக்குச் சொல்லிட்டேன். அவன் ரெண்டு நாளாச் சாப்பிடல்ல. அந்தப் புள்ளக்கும் சொல்லிட்டான். அது சொல்லிச்சாம், பாட்டாக்கிட்டச் சொல்லக்குள்ள நானும் உங்கட பக்கத்தில இருப்பேன்னு. பாப்பம்."

மகன் ஹோர்னை அடித்தான். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ட தம்பி எந்த வருஷம் எங்க இருந்தாண்டு நீ ஒருநாளும் கேக்கல்ல."

"கேக்கேல்லை."

"இப்ப கேளு."

குளிர் என் வீட்டுக்குள் நுழைந்து கால்விரலைப் பிடித்தது. கேள்வி தொண்டைவரை வந்தது. பல வருடமாக அங்கேயே உட்கார்ந்திருந்த கேள்விதான். அது அங்கேயே நின்றது.

"நீங்கள் போட்டு வாங்கோ அக்கா. வந்தாப் பிறகு கேக்கிறன்."

 அக்கா கம்பளித் தொப்பியை இழுத்துக் காதை மூடினார்.

"அந்தக் கிழவன் உன்னவிட நல்லவன் புள்ள, அவன் நேராக் கேப்பான். கதவைச் சாத்து. சூடெல்லாம் வெளிய போகுது."